படிக்கும் அறைச் சுவருக்கு மணல் நிறமா, சாம்பல் பச்சையா?

மாடியறை:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் அறையைப் படிக்கவும் வேலை செய்யவும் ஒதுக்கியிருக்கிறோம். பெயின்ட் அடிக்க வேண்டும். ஷேடு கார்டை வைத்துக்கொண்டு கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு நிறங்களில் வந்து நிற்கிறோம், அதற்கு மேல் ஓர் அடி நகர முடியவில்லை.

ஒன்று மணல் நிறம், வெள்ளையைவிடக் கொஞ்சம் பழுப்பு. கார்டின் பின்பக்கம் எல்.ஆர்.வி. 68 என்று போட்டிருக்கிறது, நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கான எண்ணாம். இன்னொன்று சாம்பல் கலந்த பச்சை. பார்த்ததும் பச்சை என்று சொல்லிவிட முடியாது, கொஞ்ச நேரம் பார்த்தால்தான் பச்சை தெரியும். அதற்கு 54.

அறை சுமார் மூன்றரை மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரமும் மூன்று. ஒரே சன்னல், நேர் வெயில் விழாது, வெளியே ஒரு பெரிய மரம். சீலிங் வெள்ளை, தரை செம்பழுப்பு டைல், கதவும் நிலையும் கரும்பழுப்பு. இப்போது சுவரில் இருப்பது பழைய இளமஞ்சள். காலையில் அம்மா அங்கே உட்கார்ந்து படிப்பார், சாயங்காலத்துக்கு மேல் இரவு வரைக்கும் நான் கம்ப்யூட்டர் வேலை.

கடையில் பார்த்தபோது பச்சைதான் மனதுக்குப் பிடித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் வைத்தால் ஈர சிமென்ட் பூசியது போலத் தெரிகிறது. மணல் நிறம் பகலில் நன்றாக இருக்கிறது, இரவில் விளக்கைப் போட்டால் ரோஸ் கலந்தது போல ஆகிவிடுகிறது. வீட்டில் ஆளுக்கொரு கட்சி. இரண்டில் ஒன்று சொல்லுங்கள், போதும்.

பாசிமணி:

சாம்பல் பச்சை. யோசிக்கவே வேண்டாம்.

இளவெயில்:

வெயிலே வராத அறைக்கு 54 கொண்ட நிறமா? வேண்டாம். மணல் நிறத்தை அடியுங்கள். அம்மா காலையில் படிப்பார் என்கிறீர்கள், அவர் கண்ணையும் கொஞ்சம் யோசியுங்கள்.

தூரிகை:

பெயின்ட் வேலைதான் எனக்குத் தொழில், அதனால் சொல்கிறேன். நீங்கள் இன்னும் அந்த இரண்டு நிறங்களையும் பார்க்கவே இல்லை. கார்டில் இருப்பது விரல் அகலத் துண்டு, அதைச் சுற்றி உங்கள் பழைய இளமஞ்சள் சுவர். மஞ்சள் சுவரில் வைத்தால் எந்தச் சாம்பலும் நீலமடிக்கும், செத்துப்போன மாதிரி தெரியும். நீங்கள் சொல்கிற ஈர சிமென்ட்டில் பாதி அந்த மஞ்சளுடைய வேலை.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு நிறத்திலும் கிடைக்கிற மிகச் சின்ன டப்பா வாங்குங்கள். சுவரில் நேராக அடிக்காதீர்கள், பலகையோ கெட்டி அட்டையோ எடுத்து, அரை மீட்டருக்குக் குறையாத சதுரமாக வெட்டி, முதலில் வெள்ளை பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். ஒரு கோட்டோடு நிறுத்தினால் அடியில் இருக்கிற வெள்ளை எட்டிப் பார்க்கும், நிறம் வெளிறித் தெரியும். பிரஷ் வேண்டாம், சுவருக்கு எந்த ரோலரோ அதே ரோலர், ஏனென்றால் ரோலர் விடுகிற சொரசொரப்பும் நிறத்தை மாற்றும். பினிஷும் அதேதான் இருக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பினிஷில் பார்த்துவிட்டு லேசாகப் பளபளக்கும் சாட்டினில் அடித்தால் வேறு நிறம் போலத்தான் இருக்கும், சாட்டின் கொஞ்சம் அழுத்தமாகக் காட்டும்.

அப்புறம் ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவெடுக்காதீர்கள். எமல்ஷனில் இருக்கிற பசை ஈரத்தில் பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும், அதனால் பெரும்பாலான நிறங்கள் காயும்போது ஒரு பிடி அழுத்தம் கூடும். ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று, இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

பாசிமணி:

ஏன் கூடாது? ஒப்பிடத்தானே இரண்டு?

நிறமாலை:

தூரிகை அண்ணா சொல்வது சரி. பக்கத்தில் இருக்கும் நிறம் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளும். மணல் நிறத்துக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் மணல் இன்னும் சிவந்து தெரியும், பச்சை இன்னும் பச்சையாகத் தெரியும். அடித்து முடித்த அறையில் அந்த இரண்டும் சேர்ந்து இருக்கப்போவதில்லை, அப்படியிருக்க அந்த வித்தியாசத்தைப் பார்த்து என்ன பயன்?

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பிரான்சில் கோபெலான் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தன. 1839இல் இதை ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார். சுவருக்கும் அதே கதைதான்.

ஒரு பலகையை வையுங்கள், கொஞ்ச நேரம் அறையில் இருங்கள், எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகவே ஓரிரு நிமிடம் ஆகும். நுழைந்த வேகத்தில் பார்த்துச் சொல்வது செல்லாது.

சாளரம்:

எல்லோரும் சுவரையே பேசுகிறீர்கள், விளக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. மாடியறை, இரவில் அந்த அறையில் எரிவது என்ன பல்பு? பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும், வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பது அது; சி.ஆர்.ஐ. அல்லது ஆர்.ஏ. என்று இன்னொரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பது அது. இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மாடியறை:

பார்த்தேன். 2700 கெல்வின் என்று இருக்கிறது. சி.ஆர்.ஐ. 80க்கு மேல் என்று போட்டிருக்கிறது. எல்ஈடி, ஒரே பல்பு, சீலிங் நடுவில்.

பலகைக்குச் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் போனில் எடுத்த இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன், கார்டை ஒரே இடத்தில் வைத்து எடுத்தது.

இளவெயில்:

படத்தில் மணல் நிறம் தெளிவாகவே நன்றாக இருக்கிறது.

சாளரம்:

படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, தயவுசெய்து வேண்டாம். போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக வெள்ளையைச் சரி செய்துகொள்ளும். பச்சை அதிகம் இருந்தால் அதை அடக்க ரோஸ் பக்கம் தள்ளும், மஞ்சள் வெளிச்சம் இருந்தால் நீலம் பக்கம் தள்ளும். அது போதாதென்று பார்க்கிறவர்களின் திரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எனக்கு உங்கள் பச்சை நீலமாகத் தெரிகிறது.

இப்போது பல்பு. 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம், அதில் நீலப் பங்கு குறைவு, சிவப்பு மஞ்சள் பங்கு அதிகம். மணல் நிறத்தில் ஒளிந்திருக்கிற சிவப்பு அந்த வெளிச்சத்தில் வெளியே வரும். உங்கள் ரோஸ் அதுதான். பச்சை அதே வெளிச்சத்தில் காக்கி பக்கம் சாயும். இரண்டு நிறத்தையுமே அந்த பல்பு கெடுக்கிறது.

சி.ஆர்.ஐ. 80 என்பதைப் பார்த்து நல்ல பல்பு என்று நினைக்க வேண்டாம். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களை வைத்து எடுத்த சராசரி. அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் கிடையாது, அதற்குத் தனியாக ஆர்9 என்று ஓர் அளவு உண்டு, நிறையப் பெட்டிகளில் அதைப் போடுவதே இல்லை. 90க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ளதாகப் பார்த்து, 3000இல் ஒன்றும் 4000இல் ஒன்றும் வாங்கி மாட்டிப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் இரவு வேலை செய்கிற அறைக்கு அந்த ஒற்றை பல்பு போதாது, மேசை விளக்கு ஒன்று வேண்டும்தானே? ஆகவே வீண் செலவு கிடையாது. ஐந்து நிமிட வேலை, பெயின்டை மாற்றுவதைவிட எவ்வளவோ சுலபம்.

ஓசை:

இதை நானும் ஆமோதிக்கிறேன். பல்பை முடிவு செய்யாமல் நிறத்தை முடிவு செய்வது வீண் வேலை. அதுவும் சாயங்காலத்துக்கு மேல் பயன்படுத்துகிற அறையென்றால் பகல் வெளிச்சத்தில் அது எப்படி இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்தான்.

இளவெயில்:

பல்பு சரி, ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 68க்கும் 54க்கும் இடையில் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதை யாராவது சொல்லுங்கள். நிறம் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் அப்புறம்.

நிறமாலை:

நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே சொல்கிறேன். எல்.ஆர்.வி. என்பது சுவரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை, இரண்டுமே நடைமுறையில் டப்பாவில் கிடைக்காது.

வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவருக்குப் போய், அங்கிருந்து சீலிங்குக்குப் போய், இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அறை மொத்தத்துக்கும் சராசரி 50 என்றால், முதலில் விழுந்த வெளிச்சம் சுற்றிச் சுற்றி 2 மடங்காகத் தெரியும். சராசரி 70 என்றால் 3.3 மடங்கு. நிறம் கொஞ்சம் வெளுத்தாலும் பலன் அதைவிட அதிகமாகக் கூடுவது இதனால்தான்.

மாடியறை சொன்ன அளவை வைத்து, சீலிங் 80, தரை 20 என்று எடுத்துக்கொண்டால், மணல் நிறத்தில் சராசரி 62, பச்சையில் 53. அதாவது 2.6 மடங்கு, 2.1 மடங்கு. காலி அறையில் மணல் நிறம் அடித்தால் கிட்டத்தட்டக் கால் பங்கு வெளிச்சம் கூடும். சன்னல், கதவு, புத்தக அலமாரி எல்லாம் வந்த பிறகு அந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

கால் பங்கு என்பது சும்மா இல்லை. ஆனால் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது. 68ஐயும் 54ஐயும் கண் உணரும் வெளிர்மை அளவுக்கு மாற்றினால் 86, 78 என்று வரும், அவ்வளவுதான். இந்தக் குறையை இன்னொரு விளக்கு வைத்து ஈடு கட்டிவிடலாம். பகலில் அம்மா சன்னல் ஓரமாக உட்கார்ந்து படித்தால் அவர் புத்தகத்தில் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதி சன்னலிலிருந்து நேராக வருவது, சுவரிலிருந்து வருவது அதில் கொஞ்சம்தான்.

இளவெயில்:

கணக்குக்கு நன்றி. அப்படியென்றாலும் கால் பங்கை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

பாசிமணி:

இருட்டான அறையில் வெளிர் நிறம் அடித்தால் வெளிச்சமாகிவிடும் என்பது பாதி உண்மைதான். வெளிச்சம் குறைவாக இருக்கும் இடத்தில் வெளிர் நிறத்துக்கு நிறமே இருக்காது, அழுக்கு வெள்ளையாகத் தெரியும். மூலைகளில் நிழல் விழுந்தால் ஏதோ தூசி படிந்தது மாதிரி இருக்கும். கொஞ்சம் நிறம் கூடியிருந்தால் அந்த நிழல்கூட நிறத்தோடு சேர்ந்து அழகாகிவிடும். எங்கள் வீட்டில் வெயில் படாத பக்கத்து அறை இப்படித்தான், வெள்ளையிலிருந்து நல்ல ஆழமான நிறத்துக்கு மாற்றிய பிறகுதான் அங்கே போய் உட்காரவே தோன்றுகிறது.

தூரிகை:

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். மாடியறை, டப்பா வாங்கியதும் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், எந்த பேஸில், அதாவது சாயம் விடுவதற்கு முந்தைய அடிப்படை பெயின்டில், எந்தச் சாயம் எவ்வளவு விட்டார்கள் என்று. அதில் உள்ள பெயர்களை இங்கே போடுங்கள்.

மாடியறை:

வாங்கிவிட்டேன். மணல் நிறத்தில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, ரொம்பக் கொஞ்சம் கறுப்பு. சாம்பல் பச்சையில் மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு, துளி பச்சை. இரண்டும் வெள்ளை பேஸ்.

தூரிகை:

பாருங்கள், ரோஸ் எங்கிருந்து வருகிறது என்று சீட்டிலேயே இருக்கிறது. மணல் நிறத்தில் சிவப்பு ஆக்சைடு விட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி வெளிர் நிறத்தில் உள்சாயல் கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கும், நான்கு சுவரிலும் அடித்த பிறகு எழுந்து உட்காரும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் அதே நிறம் ஏறும், அதனால் அறை முழுக்க அடித்தால் கார்டைவிட ஒரு படி அழுத்தமாகவே இருக்கும். அதுவும் உங்களுக்குத் தரை செம்பழுப்பு. சன்னல் வெளிச்சம் தரையில் பட்டு, சுவரின் கீழ்ப்பாதிக்கும் சீலிங்குக்கும் சிவப்பை அனுப்பும். மணல் நிறத்துக்கு அது இரண்டாவது சிவப்பு.

பச்சையில் சிவப்பே இல்லை. மஞ்சள் ஆக்சைடும் கறுப்பும் சேர்ந்தாலே பச்சைச் சாயல் வந்துவிடும், அதற்கு மேல் துளி பச்சை விட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து வருகிற சிவப்பு இந்தப் பச்சையைக் கொஞ்சம் அடக்கும், வெளியே மரத்திலிருந்து வருகிற பச்சை வெளிச்சம் அதைத் தூக்கும். எது ஜெயிக்கும் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, பலகைதான் சொல்ல வேண்டும்.

பலகையை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை. சன்னலுக்கு எதிர்ச் சுவர், சன்னல் இருக்கிற சுவர், ஒரு மூலை. மூன்று இடத்திலும் பாருங்கள். மூலையில் இரண்டு பலகை, ஒரே நிறம், புத்தகத்தைப் பாதி திறந்த மாதிரி வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிறம் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். தரைக்குப் பக்கத்திலும் ஒருமுறை வையுங்கள்.

ஓசை:

பலகைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அச்சுக் காகிதத்தில் வெண்மை கூட்டும் பொருள் சேர்த்திருப்பார்கள், அது புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீலமாக ஒளிரும். பகல் வெளிச்சத்தில் அதற்கு முன்னால் எந்த மணல் நிறத்தை வைத்தாலும் மஞ்சளடிக்கும். உங்கள் சீலிங் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதோடுதானே அது இருக்கப்போகிறது.

மாடியறை:

தாமதத்துக்கு மன்னிக்கவும், பலகை காய்ந்து எல்லா நேரத்திலும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில், எதிர்ச் சுவரில்: மணல் நிறம் அமைதியாக இருக்கிறது, ரோஸ் இல்லை. மரத்தின் பச்சை அதை அடக்குகிறது என்று நினைக்கிறேன். பச்சை நல்ல பச்சையாகவே தெரிகிறது, சிமென்ட் இல்லை. மஞ்சள் சுவரை மறைக்க ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அதன்மேல் பலகையை வைத்தேன், அதிலேயே பாதிப் பிரச்சினை போய்விட்டது.

காலையில், சன்னல் சுவரில்: இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதே பலகை, அதே நேரம், வேறு டப்பா பெயின்ட் மாதிரி இருக்கிறது. பச்சை கிட்டத்தட்ட அடர் சாம்பல். மணலும் இருண்டு போகிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சன்னலுக்கு நேராக நின்று பார்க்கும்போது வெளிச்சத்துக்குப் பக்கத்தில் சுவர் கறுத்துத் தெரிகிறது.

தரைக்குப் பக்கத்தில்: மணல் பலகையின் கீழ் ஓரத்தில், ஒரு சாண் உயரத்துக்கு, வெளிறிய செங்கல் நிறம் ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. மேலே போகப் போக மறைகிறது. பச்சைப் பலகையில் அதே இடம் வெறும் சாம்பலாகிறது, அசிங்கமாக இல்லை.

இரவில், பழைய பல்பு: நீங்கள் சொன்னது போலவே மணல் ரோஸ், பச்சை காக்கி. 3000, சி.ஆர்.ஐ. 90க்கு மேல்: மணலில் ரோஸ் குறைந்திருக்கிறது, போகவில்லை. பச்சை அருமையாக இருக்கிறது, கடையில் எனக்குப் பிடித்த நிறம் இதுதான். 4000: மணல் சுத்தமாக இருக்கிறது, ரோஸ் இல்லை, ஆனால் அறையே ஏதோ அலுவலகம் மாதிரி ஆகிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா பச்சை என்கிறார். மணலுக்கு வாக்களித்த தங்கையும் 3000 பல்பில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். எனக்கும் பச்சைதான், அந்தச் சன்னல் சுவர் மட்டும் உறுத்துகிறது.

பாசிமணி:

சந்தோஷம்! சன்னல் சுவருக்கு மட்டும் மணல் நிறம் அடித்துவிடுங்களேன், இரண்டும் இருக்கட்டும்.

தூரிகை:

வேண்டாம். சின்ன அறை, ஒரு சுவர் மட்டும் வேறு என்றால் அது வேண்டுமென்றே செய்தது போலத் தெரிய வேண்டும், நன்றாக அழுத்தமான நிறமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அழுத்தத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள், டப்பா தீர்ந்துபோய் வேறு வாங்கிப் பூசியது போல இருக்கும். அதுவும் பச்சைக்குப் பக்கத்தில் மணலின் சிவப்பு இன்னும் கிளம்பும், நிறமாலை முன்னால் சொன்னாரே.

சன்னல் இருக்கிற சுவர் எந்த நிறத்தில் அடித்தாலும் இருட்டாகத்தான் தெரியும், அதன்மேல் சன்னல் வெளிச்சம் விழுவதே இல்லை, மற்ற சுவர்களில் பட்டுத் திரும்புவதுதான் அதற்குக் கிடைக்கிறது. செய்ய வேண்டியது வேறு. சன்னலைச் சுற்றி உட்பக்கமாகச் சுவரின் கனம் தெரிகிறதே, மேலே, கீழே, இரண்டு பக்கம், அந்த நான்கு பட்டையையும் சீலிங்குக்கு அடிக்கிற அதே வெள்ளையில் அடியுங்கள். வெளிச்சத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு படி கிடைக்கும், அந்தக் கறுப்பு குறைந்துவிடும். கூசுவதும் குறையும்.

சாளரம்:

இதோடு சன்னல் சுவரை நோக்கி ஒரு விளக்கு வைத்தால் இன்னும் நல்லது. சீலிங் நடுவில் இருக்கிற ஒற்றை பல்பு மூலைகளை எட்டாது. மேசை விளக்கை அந்தச் சுவர்ப் பக்கம் வையுங்கள், கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் வெளிச்சமாக இருப்பது கண்ணுக்கும் இதம்.

கோலிகுண்டு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அதே பச்சையைப் பாதிச் சாயம் மட்டும் விட்டுக் கலக்கச் சொன்னால் என்ன? 54 ஒரு 65 வரை போகுமே, இளவெயில் சொல்கிற வெளிச்சமும் கிடைக்கும்.

தூரிகை:

கலந்து தருவார்கள். ஆனால் அது இதே பச்சையின் வெளிறிய தம்பியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். சாயங்கள் எல்லாம் ஒரே மாதிரி குறைவதில்லை. துளி பச்சை விட்ட இடத்தில் அரைத் துளி என்றால் மெஷினே அதைச் சரியாக விடுமா என்பது சந்தேகம், சின்ன டப்பாவில் நிச்சயம் தவறும். வேண்டுமானால் முயலுங்கள், ஆனால் அது புது நிறம், அதற்குத் தனிப் பலகை வேண்டும்.

மாடியறை:

கோலிகுண்டு, உங்கள் யோசனை எனக்கும் வந்தது. கார்டில் அதே பட்டையில் ஒரு படி மேலே இருக்கிற நிறத்தை வாங்கிப் பலகையில் அடித்துப் பார்த்தேன். பட்டையில் பார்க்கும்போது ஒரே குடும்பம் மாதிரி இருக்கிறது, சுவரில் வைத்தால் நீலம் பக்கம் போகிறது. காலையில் மருத்துவமனைச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டேன்.

கீழே இருக்கிற 54தான், முடிவு செய்துவிட்டோம். சன்னல் பட்டை வெள்ளை. பல்பு 3000. இப்போது கடைசிக் கேள்வி, மேட்டா சாட்டினா? சுவரில் இரண்டு இடத்தில் விரிசலுக்குப் பட்டி பார்த்திருக்கிறது. அப்புறம் எவ்வளவு வாங்க வேண்டும்?

இளவெயில்:

நான் இன்னும் மணல் கட்சிதான். 3500 கெல்வினில் ஒரு பல்பு பார்த்திருந்தால் ரோஸும் போயிருக்கும், அலுவலகம் மாதிரியும் இருந்திருக்காது. ஆனால் அம்மாவே பச்சை என்று சொல்லிவிட்டார், அவர்தான் காலையில் அங்கே இருக்கப்போகிறவர், நான் என்ன சொல்ல. நன்றாக அமையட்டும்.

தூரிகை:

மேட். கழுவக்கூடிய மேட் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பக்கம் சன்னல் இருக்கிற அறையில் பக்கவாட்டுச் சுவர்களில் வெளிச்சம் சாய்ந்து வரும், சாட்டின் அடித்தால் பட்டி பார்த்த இடம் ஒவ்வொன்றும் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். பட்டி பார்த்த இடத்தைத் தேய்த்துவிட்டு அங்கே மட்டும் பிரைமர் தொட்டு விட்டுவிடாதீர்கள், சுவர் முழுக்க ஒரு கோட் பிரைமர் போடுங்கள், பழைய மஞ்சளும் அடங்கும், பெயின்டை எல்லா இடமும் ஒரே அளவு உறிஞ்சும். ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

அளவு: சுற்றளவு 13 மீட்டர், உயரம் 3, ஆக 39 சதுர மீட்டர். கதவு சன்னல் போக 35 என்று வையுங்கள். இரண்டு கோட்டுக்கு 70. நல்ல பெயின்ட் லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் ஒரு கோட் வரும், உங்களுக்கு ஆறு முதல் ஏழு லிட்டர். ஏழாகவே வாங்குங்கள். ஒரே நாளில், ஒரே பேட்ச் எண். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா என்றால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு டப்பா முடிந்து அடுத்தது தொடங்கிய இடம் சுவரின் நடுவில் கோடாகத் தெரியும்.

இன்னொன்று, இந்த நிறத்தை வேறு கம்பெனி பெயின்டில் கலந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுடைய சாயங்கள் வேறு. கடை விளக்கில் அச்சாக ஒத்துப்போகும், உங்கள் 3000 பல்பில் வேறாக நிற்கும்.

மாடியறை:

புரிந்தது. மீதி பெயின்டை வைத்துக்கொள்ளலாமா, பின்னால் கீறல் விழுந்தால் தொட?

தூரிகை:

வையுங்கள். சின்னப் பாத்திரமாகப் பார்த்து, முக்கால் நிரம்புகிற மாதிரி ஊற்றி, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில். பெரிய டப்பாவிலேயே அடியில் கொஞ்சம் விட்டு வைத்தால் மேலே ஆடை கட்டிவிடும். மூடியில் ஒட்டியிருக்கிற சீட்டையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சீட்டு ஈரம் பட்டால் முதலில் அழிவது சாய அளவுதான். தொடும்போது கீறலின் அளவுக்கு மட்டும், பஞ்சு ரோலரால், ஓரத்தைக் கரைத்து விடுங்கள். அதற்கும் தனியாகத் தெரிந்தால் மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை மட்டும் ஒரு கோட் அடித்துவிடலாம்.